எண்ணூறு வருஷத்துச் சந்தையில் ஒரு தோசைக்கடை

பிளசன்டன்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ரோஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அவருடைய முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. கவின் ஜெர்சி சிட்டியிலிருந்து பேசினான், ரயிலில் மன்ஹாட்டன் போகிற நேரத்தில்தான் அவனுக்கு அம்மா ஞாபகம் வருகிறது. நீ அந்த ஓயாத தூறலில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அம்மா, லிசன்" என்று ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். ஆறாம் வகுப்புவரை ஈரோட்டில் படித்தவளுக்குத் தமிழ் மறந்திருக்காது. கடிதத்தோடு சண்டை போட முடியாது, அதனால் முழுதாகப் படி.

நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. இங்கே சான் ரமோன் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, இங்கிலாந்தில் அந்த எல்டர்விக் என்கிற ஊரில் வியாழக்கிழமை தோறும் கூடாரத்துக்குக் கீழே நின்று தோசை சுடுகிறாய். இப்போது சந்தை நடுவிலேயே ஒரு கடை வாடகைக்கு வருகிறது, இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா மனதாரச் சரி என்று சொல்லாமல் போட மாட்டேன் என்கிறாய். என் மனதை இளக்க அந்த ஊர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றையும் அனுப்பினாய். அட்டை முதல் அட்டை வரை படித்தேன், ஏன் படித்தேன் என்று பிறகு சொல்கிறேன். இவ்வளவு பீற்றலுக்கு அங்கே என்னதான் இருக்கிறது கண்ணு?

ஏதோ ஒரு ராஜா, வாரம் ஒருநாள் சந்தை கூட்டிக்கொள்ளுங்கள் என்று தோலில் எழுதி, மடத்துச் சாமியார்களுக்கு முத்திரை குத்திக் கொடுத்தாராம். அந்தத் தோலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாமியார்கள் உடனே மடத்து வாசலிலேயே முக்கோணமாக ஒரு மைதானம் விட்டு, சுற்றிலும் ஒடுக்கமான முகப்பும் நீளமான கொல்லையுமாக மனை பிரித்து விற்றார்களாம், நடுவில் ஒரு கல் சிலுவையை நட்டு அதற்குக் கீழே உட்கார்ந்து சுங்கம் வசூலித்தார்களாம். இதைப் புத்தகம் தொலைநோக்கு என்கிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் ரியல் எஸ்டேட். எடை குறைத்து ரொட்டி விற்றவனைத் தெருவில் இழுத்துப் போனார்கள், சண்டை வந்தால் வியாபாரி ஊர் திரும்புவதற்குள் அன்றைக்கே பஞ்சாயத்து பேசித் தீர்த்தார்கள் என்று இரண்டு பக்கம் பெருமை. சந்தை என்றால் அப்படித்தான், வேறெப்படி நடக்கும்?

நீ எடுக்கப்போகிற கடையின் கதைதான் எனக்குச் சிரிப்பு. சாயங்காலம் பிரித்து எடுத்துப் போக வேண்டிய கடையை எவனோ சோம்பேறி அப்படியே விட்டுப் போனான், அடுத்தவன் அதற்குக் கூரை போட்டான், அவன் மகன் மாடி கட்டினான், மைதானத்துக்கு நடுவே ஒரு தெருவே முளைத்துவிட்டது. பச்சையான ஆக்கிரமிப்பு. ஈரோட்டில் என்றால் நகராட்சிக்காரன் ஜேசிபியோடு வந்து நிற்பான். அவர்கள் ஐநூறு வருஷம் பொறுத்திருந்து பலகை மாட்டிப் பாரம்பரியம் என்கிறார்கள். கொள்ளைநோயில் பாதி ஊர் செத்து மைதானத்தில் புல் முளைத்தது, பிறகு கம்பளி வியாபாரத்தில் எழுந்தது, பின்னால் வந்த ஒரு ராஜாவே மடத்தை மூடியதும் அதுவரை சாமியார் காலில் விழுந்தவர்கள் அதன் கல்லைப் பெயர்த்துத் தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். குதிரை வண்டிக்குச் சத்திரம் வைத்திருந்தவர்கள் ரயிலே வேண்டாம் என்று மறித்து, ஸ்டேஷனை ஊருக்கு வெளியே எங்கோ தள்ளிவிட்டார்கள், அன்றைக்குப் படுத்த ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பழைய கட்டடமெல்லாம் தப்பியது அழகு தெரிந்து அல்ல, இடிக்கக்கூட வக்கில்லாமல். இப்போது சூப்பர் மார்க்கெட் வந்து, சந்தையில் சீஸ்காரன், செடி விற்கிறவள், நீ என்று கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். இங்கே மெயின் ஸ்ட்ரீட்டில் நேற்றுக் கட்டிய கட்டடத்துக்கெல்லாம் வெண்கலப் பலகை வைத்திருக்கிறார்களே, அந்தப் பைத்தியத்துக்கு அண்ணன் இது.

இத்தனையும் நான் படித்தது நஞ்சுண்டன் வீட்டு வசந்தாமணிக்காக. பொங்கலுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிய பாட்லக்கில் ரோஷினி இப்போது என்ன செய்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். யூனிவர்சிட்டியில் பழைய இங்கிலீஷ் ஊர்களைப் பற்றி ரிசர்ச் பண்ணுகிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான், அதற்கென்ன. உன் அப்பா பள்ளி முடிக்கும்வரை சந்தையில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தவர், அதிலிருந்து எழுந்து வரத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். எம்.எஸ். படித்த பெண் மறுபடியும் போய்ச் சந்தையில் நிற்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? வசந்தாமணி விடுகிறவளா, எந்த ராஜா, எந்த நூற்றாண்டு என்று நோண்டினாள். அதனால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன், அவளிடம் ஒப்பிக்கும்போது ஊர்ப் பெயரையும் உளறிவிட்டேன்.

போன மாதம் அவர்கள் லண்டன் சுற்றப் போனார்கள். கார் எடுத்துக்கொண்டு, உன் யூனிவர்சிட்டியைப் பார்க்க எல்டர்விக்குக்கே போயிருக்கிறார்கள். அந்த ஊரில் யூனிவர்சிட்டி ஏது, வியாழக்கிழமைச் சந்தைதான் இருந்தது.

நேற்று அவர்கள் வீட்டு விருந்தில், தட்டில் கேசரியை வைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டு, ஊருக்கே கேட்கிற குரலில் ரகசியம் பேசினாள். "கண்மணி, நாங்க ரோஷினியப் பாத்தோம். ஏப்ரன் கட்டிட்டு மழைல நின்னுட்டிருந்தா. பாவம், எம்பேரசிங்கா ஃபீல் பண்ணுவாளேன்னு பாக்காத மாதிரி வந்துட்டோம்."

அந்த வியாழக்கிழமை நீ போனில், நஞ்சுண்டன் அங்கிள் மாதிரியே ஒருத்தர் போனார் அம்மா, கை காட்டினேன், திரும்பவில்லை என்று சொன்னாய். வேறு யாராவது இருக்கும் என்றேன் நான். அவர்கள்தான் கண்ணு. நீ ஹைஸ்கூல் படித்தபோது வாரம் ஒருநாள் நம் சமையலறையில் சாப்பிட்ட மனிதர்கள், மழையில் நின்று கை காட்டிய என் பெண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு தோசை வாங்காமல் போயிருக்கிறார்கள். அதைக் கருணை என்று என்னிடமே சொல்கிறாள்.

அவளைவிடப் பெரிய குரலில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "ஆமா, எம்பொண்ணு சந்தைலதான் தோசை சுடறா. எண்ணூறு வருஷமா கூடற சந்தை அது. அத்தன தூரம் போயி திங்காம வந்தீங்களே, உங்களப் பாத்தாத்தான் பாவமா இருக்குது." அப்புறம் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டோம். கேசரியில் நெய்யும் இல்லை.

ஃப்ரீவேயில் உன் அப்பா என் பக்கம் திரும்பாமலே காரை ஓட்டினார். இவருக்கும் அவமானம் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் புத்தகத்தின் நடுவில் இருக்கிற வரைபடத்தை விரித்தார். "கடை வாசல் எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டார். கிழக்கு என்றேன். பஸ் எங்கே நிற்கும் என்றார், அதையும் விரலால் காட்டினேன். "அப்போ கையெழுத்துப் போடச் சொல்லு. பஸ்ஸ விட்டு எறங்கற சனம் இந்த வாசலத் தாண்டித்தான் போயாகணும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சந்தையைப் பற்றி அவர் வாய் திறந்தது நேற்றுத்தான். அப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை, கடை போட்டவன் உட்காரக் கூடாது, கல்லு சூடேறும்போதே வாசலில் நிற்க வேண்டும் என்று.

ஆகவே என் பதில் இது, கையெழுத்துப் போடு. அந்த ஊரைப் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன், அது பீற்றல் பிடித்த ஊர்தான். ஆனால் எந்த நாட்டிலிருந்து வந்தவனாக இருந்தாலும் வாரம் ஒருநாள் கடை போட இடம் விட்டிருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். கடை திறக்கிற அன்றைக்கு இரண்டு பேரும் அங்கே இருப்போம், டிக்கெட் உன் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். மழையில் நனைந்த தலையோடு அடுப்புப் பக்கம் நிற்காதே, தேங்காய்ச் சட்னியை நீர்க்க விடாதே. உனக்கு எந்தக் குறையும் வராது, நன்றாக இரு சாமி.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனிமேல் தெரிந்த முகம் பாராத மாதிரி போனால் கை காட்டிக்கொண்டு நிற்காதே. பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு. சந்தையில் கூப்பிடுவதில் ஒரு அவமானமும் இல்லை.

அன்புடன்,
தோசைக்காரியின் அம்மா,
கண்மணி சுப்பையன்.