டேவிட் மூச்சு விட்டுப் பார்த்த ரெகுலேட்டர்

செவ்வாய்க்கிழமை.

முங்கும்போது மூச்சு விட வாயில் வைக்கும் ரெகுலேட்டர் புதிதாக வாங்க டேவிட்டையும் கூட்டிப் போனேன். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளுக்குக் கடல்நீர் வரும் குழாய்களை நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஜோடியாக முங்கிச் சுத்தம் செய்தோம். தண்ணீர் அழுத்தத்தில் ஒரு காது கெட்ட பிறகு அவன் காக்களூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான்.

கடையில் இரண்டு மாடல் காட்டினார்கள். எனக்கு லேசானதுதான் பிடித்தது. டேவிட் ஒப்பவில்லை. "நீ இன்னா மீன் வேடிக்கை பாக்கவா போற? சேத்துல முங்கிக்கினு இருக்க. சேறு உள்ள பூராத மாதிரி மூடி இருக்குறத எடு," என்றான்.

கடைக்காரர் அதைக் காற்று சிலிண்டரில் மாட்டினார். நான் கை நீட்டுவதற்குள் டேவிட் வாங்கி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நிதானமாக இழுத்து விட்டான். குழாய்க்குள் என் ரெகுலேட்டரில் சேறு அடைத்த அன்று, தன் வாயில் இருந்ததை எடுத்து எனக்குக் கொடுத்தவன். ஆளுக்கு இரண்டு மூச்சாக மாற்றி மாற்றி இழுத்து மேலே வந்தோம். அந்த இருட்டில் நான் கேட்டதும் இதே மூச்சுச் சத்தம்தான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் சார்," என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினான். "நல்லா வருது. இதையே எடு."

எடுத்தேன். ரயிலில் ரெகுலேட்டர் பெட்டியை அவன்தான் மடியில் வைத்திருந்தான். செவ்வாப்பேட்டையில் நான் இறங்கும்போது, "இப்ப உன்கூட முங்குறவன் எப்டிடா?" என்று கேட்டான்.

"நல்லவன்தான்," என்றேன். உன்னை மாதிரி இல்லை என்று சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.