பின்சேயில் நின்ற ரயில்

என் அருமை மச்சான் குகன்,

நீ போய் ஒரு வருஷமாகிறது. வெஸ்ட்லியில் உன் வீட்டில் இப்போது வேறு ஆட்கள். எனக்கு இன்னும் ஓரிடத்தில் ஆறியிருக்க முடியவில்லை. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து நீ நிம்மதியாகப் போய்விட்டாய். அலைந்தவன் நான்.

நோர்வேயின் மறுகரையில், பேர்கனில் தனியே இருக்கும் உன் அக்காவுக்குப் போனில் சாவைச் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, நேரே போய்க் கையைப் பிடித்துத்தான் சொல்வோம். "குகனுக்குக் கொஞ்சம் சுகமில்லை அக்கா, ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கு. நான் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். ஒருவரும் அவருக்குப் போன் எடுக்கக் கூடாது என்று எல்லோரையும் வெருட்டியும் வைத்தேன். பனியால் விமானம் ஓடவில்லை. காலை ரயிலில் ஏறினேன்.

மலைக்கு மேலே ஏறினால் மரம்கூட இல்லை. வெள்ளை, அதற்கப்பாலும் வெள்ளை. இதைப் பார்க்கவென்றே காசு கொடுத்து வருகிறார்களாம்! பின்சே என்ற மலை ஸ்டேசனில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தைப் பனி மூடிவிட்டதாம், வழித்த பிறகுதான் போகலாமாம். சனம் படமெடுக்க இறங்கி ஓடியது. பக்கத்திலிருந்த நோர்வே மனுசி, "எவ்வளவு வடிவு, இல்லையா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

பெட்டிக்குப் பெட்டி நடந்தேன். எவனாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால்? அதைக் கேட்டு அக்கா தனியே விழுந்து கிடந்தால்? அந்த நேரம் அக்காவே போன் எடுத்தார்.

"எங்கை தம்பி நிக்கிறாய்?"

"பின்சேயிலை அக்கா. பிந்தும் போலை கிடக்கு."

"அவசரப்படாதை. சாப்பிட்டனியே?"

"ஓம்."

"பொய் சொல்லாதை. உனக்குச் சீனி வருத்தம் எல்லே? ஏதும் வாங்கிச் சாப்பிடு."

அப்பாடா, இன்னும் தெரியாது என்று மூச்சு விட்டேன். ரயில் கடையில் ஒரு பாண் துண்டு வாங்கி அழுதழுது தின்றேன். உன்னையும் நல்லாகத் திட்டினேன் மச்சான், அதை இங்கே எழுத முடியாது.

இரவாகிப் போய்ச் சேர்ந்தேன்; அக்கா வீட்டுக் கதவு திறந்தபோது உள்ளே உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

"ஆர் அக்கா சொன்னது?"

"காலமை ஆஸ்பத்திரிக்கு நானே அடிச்சுக் கேட்டனான். எனக்குத் தெரியுமெண்டு அறிஞ்சா நீ வழியிலை உடைஞ்சு போவாய். அதுதான் காட்டிக்கொள்ளேல்லை." என் கையை அவர்தான் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, எங்கடை ஆக்கள் ஒருத்தரும் எனக்குப் போன் எடுக்கேல்லை?"

நான்தான் எல்லோர் வாயையும் அடைத்தேன். அந்தப் பகல் முழுக்க உன்னை நினைத்து அவர் ஒற்றையாக அழுதிருக்கிறார். அப்படியிருந்தும் நான் சாப்பிட்டேனா என்று எப்படித்தான் கேட்டாரோ?

நாளைக்கு அக்கா வீட்டில் நடக்கும் உன் திவசத்துக்குப் போகிறேன், அதே ரயிலில். எல்லோரையும் அக்காவுக்குப் போன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும்வரை அவரைத் தனியே அழ விடமாட்டேன். இது சத்தியம்.

இப்போதும் உன் மச்சான்தான்,
ரொம்மன் சிவா