கிரீஸ் தடவிய கை

இன்று காலை வாசல் கேட் கிறீச்சிட்டது. கீலுக்குப் போடலாம் என்று பழைய கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மூடி வைத்துவிட்டேன். கேட் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு வந்த உன் மகள் நேற்று என் வீட்டுக்கும் வந்து போனாள். அதிலிருந்தே மனது சரியில்லை.

நாம் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம், நான் பள்ளிக்கூடத்திலிருந்து, நீ மலை பஸ்ஸின் ஸ்டியரிங்கிலிருந்து. அதன்பிறகுதான் சைக்கிள் பித்து பிடித்தது. செம்பட்டி ரோட்டில் விரட்டுவோம். வடமதுரைப் பக்கம் பூந்தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் குலுங்குவோம். மாதம் ஒருமுறை சிறுமலை ஏறுவோம். "மூணுக்கும் மூணு வண்டியா வாங்குறது? ஒரே வண்டி பாரு வாத்தியாரே. கார்பன்ல பாரு" என்றாய்.

உனக்குப் பிடித்தது பந்தய ஃப்ரேம். முன்பக்கம் தாழ்ந்து, பக்கவாட்டில் கத்திபோல இருக்கும். நான் மறுத்தேன். அதில் மெல்லிய டயர்தான் நுழையும், மண்பாதைக்கு ஆகாது. குனிந்தே ஓட்ட வேண்டும், உன் இடுப்பு தாங்காது. கைப்பிடி கொஞ்சம் உயர்ந்து, அகலமான டயருக்கும் இடம் விடுகிற ஃப்ரேமைக் காட்டினேன். கார்பன் இரும்பைப் போல ஒரே கட்டி அல்ல, கோரைப்பாய் மாதிரி இழை இழையாக அடுக்கியது. மிதிக்கிற இடத்தில் விறைப்பாகவும், உட்காருகிற இடத்தில் சற்று வளைந்து கொடுக்கும்படியும் அடுக்க முடியும் என்று வகுப்பே எடுத்தேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, பாய் மேல உக்கார வைக்கிற. படுக்க வச்சிராத" என்றாய்.

நீ அந்த ஃப்ரேமையே வாங்கினாய். பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டியது நான்தான். இரும்புச் சைக்கிளில் பழகிய கை. சீட் தண்டைச் சொருகும் முன் கிரீஸ் தடவாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும் என்பது நம் காலத்துப் பாடம். கார்பனில் துரு ஏது? தண்டு வழுக்காமல் பிடிக்க, கார்பனுக்கென்றே மணல்போல நறநறக்கும் பசை ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நான் பிரிக்கவே இல்லை. கிரீஸ் தடவினேன். தண்டு வழுக்கிக் கீழே இறங்கியது. போல்ட்டை இறுக்கினேன். மறுபடியும் இறங்கியது, மறுபடியும் இறுக்கினேன். குழாயில் 'டிக்' என்று மெல்லிய ஓசை. நீ வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் கேட்காதவன்போல போல்ட் முடுக்கும் ஆலன் கீயைத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் சிறுமலை. ஏறும்போது வண்டி சத்தம் போடவில்லை. இறக்கத்தில், நீ முன்னால், நான் பின்னால். முதல் வளைவிலேயே அந்த ஓசை வந்தது. ரோட்டில் சிறு மேடு வரும்போதெல்லாம் டிக், டிக். "என்ன வாத்தியாரே, ஒன் கார்பன் பல்லைக் கடிக்குது" என்று திரும்பாமலே கத்தினாய். எது உடைகிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய். அடுத்த வளைவு தாண்டட்டும் என்று நினைத்தேன். அப்படியே மூன்று வளைவுகள் போயின. இடப்பக்கம் பள்ளம். கீழேயிருந்து வாழைத்தார் ஏற்ற வரும் லாரி ஹாரன் அடித்தது. நாலாவது வளைவில் உன் சீட் சரேலென்று சாய்ந்தது. நீ ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, தடுப்புச் சுவரை ஒட்டி நின்றாய். லாரி உன் முழங்கையை உரசாத குறையாகப் போனது.

சீட் தண்டைப் பிடிக்கும் குழாயில் நகம் நுழையும் அளவு விரிசல். "என்னப்பா ஆச்சு இதுக்கு?" என்றாய்.

"ஃப்ரேம்லயே கோளாறு இருந்திருக்கும்" என்றேன்.

நீ நம்பினாய். மலையடிவாரம் வரை இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அதன்பிறகு நீ பழைய இரும்புச் சைக்கிளுக்கே திரும்பிவிட்டாய். போன பங்குனியில் மாரடைப்பில் போகும்வரை அதைத்தான் ஓட்டினாய். நான் ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று உன் மகள் போனில் இரண்டு ஃப்ரேம்களின் படத்தைக் காட்டினாள். "கோயமுத்தூர்ல ஆபீஸ் போற ரோடு பாதி தோண்டிக் கெடக்கு சித்தப்பா. ஞாயித்துக்கெழம மலை ஏறுறேன். எல்லாத்துக்கும் ஒரே வண்டிதான். ஆனா அப்பாவோடது மாதிரி அகல டயர் ஃப்ரேம் வேணாம். அது பலமில்லன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. பந்தய ஃப்ரேமே எடுத்துர்றேன். கடைக்கு இன்னைக்கே சொல்லணும்."

என் பொய் உன் வாய் வழியாக அவளிடம் போய், தோண்டிப் போட்ட ரோட்டில் அவளை மெல்லிய டயரில் ஏற்றப் பார்க்கிறது. தலையாட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். காபி ஆறியது.

பிறகு சொன்னேன். கிரீஸ், போல்ட், அந்த ஓசை, மூன்று வளைவுகள், எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரேம் நல்ல ஃப்ரேம்தான், அந்த மாதிரியே எடு, பூட்டுகிற கை மட்டும் என் கையாக இருக்க வேண்டாம் என்றேன்.

"அப்பாட்ட சொன்னீங்களா?"

"இல்லத்தா."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "சொல்லியிருக்கலாம் சித்தப்பா. ஒரு வாரம் ஒங்கள வஞ்சிருப்பாரு. அப்பறம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

அகல டயர் ஃப்ரேமையே எடுத்திருக்கிறாள். உன் திட்டுக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கேட்காமல் விட்ட அந்தச் சிரிப்போடுதான் இனி ஒவ்வொரு காலையும் செம்பட்டி ரோட்டில் தனியாகப் போக வேண்டும்.