மாவு மிஷின் அக்கா

2025 ஜூன் 9, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. மாடிக் கொடியில் கிடந்த துணியெல்லாம் காலையில் நனைந்து போயிருந்தது. என் மனைவி எப்சிபா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பிழிந்து போட்டாள்.

'தகவல் தொடர்புத் திறன்' பாடத்தில் மாணவர்கள் பதில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். முழுக்க நான் செய்த பாடம். பேராசிரியர் எழுதித் தருவதைச் சின்னச் சின்ன வீடியோக்களாக வெட்டி, நடுவே கேள்வி வைத்து, ஆன்லைனில் படிக்கிறவர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர். கம்பெனி பெங்களூரில், நான் தென்காசி பக்கத்து இலஞ்சியில், வீட்டுப் பின்னறையில். எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் செய்கிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது. பாடத்திலும் எங்கள் பெயர் இருக்காது.

ஊரில் கேட்கிறவர்களிடம் "யூனிவர்சிட்டி வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் கல்லூரியில் வகுப்பு எடுத்தவனுக்கு அதைவிடச் சின்னதாகச் சொல்ல வாய் வருவதில்லை. வீட்டிலும் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று மீட்டிங் நன்றாகப் போனது. வழக்கமாக நான் பேசினால் ஆளாளுக்குக் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இன்று எல்லோரும் சிரித்தார்கள்.

பாடத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: 'உங்கள் பேச்சை ஒருவர் முழுமையாகக் கேட்ட தருணம் ஒன்றை விவரிக்கவும்.' வந்த பதில்களில் ஒன்றை வாசித்துக் காட்டினேன். பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான் வரும். பதில் இது:

'அப்படி ஒரு தருணம் ஞாபகத்தில் வரவில்லை. மாவு மிஷினில் வரிசையில் நிற்கையில் முன்னால் நின்ற அக்கா ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். மிஷின் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டது என்று தெரியாது.'

கொஞ்சம் இழுத்து, எங்கள் ஊர்ப் பொம்பளைகள் பேசுகிற மாதிரி வாசித்தேன். கூட வேலை பார்க்கிற முஃபீத் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். டீம் லீடு சஃப்ரின், "ஜெபசிங், நீங்க இவ்வளவு காமெடி பண்ணுவீங்களா?" என்றாள். எனக்கும் உற்சாகமாகிவிட்டது. இன்னொரு தரம் வாசித்தேன்.

சாப்பிடப் போனபோது சோறு மூடி வைத்திருந்தது. எப்சிபா மாடியில் இருந்தாள் போல.

ஜூன் 16, திங்கள்

பாடம் தயாரிக்கும்போது கற்பனையாக ஒரு மாணவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு பெயர், வயது, படம். இவருக்கு இது புரியுமா என்று கேட்டுக் கேட்டுச் செய்வோம். சஃப்ரின் புதிதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறாள்: 'மாவு மிஷின் அக்கா'. நைட்டி, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, படமே போட்டுவிட்டார்கள். கீழே 'கருத்து: ஜெபசிங்'. இந்த வேலையில் சேர்ந்த ஒரு வருடத்தில் என் பெயர் ஒன்றில் வந்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 19, வியாழன்

எப்சிபா சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் "தலவலி." மாத்திரை வாங்கி வைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

பாதியில் நின்றுவிட்டவர்களை ஃபோனில் கூப்பிட்டுப் பேச வேண்டுமாம். பாடம் செய்தவர்களே பேசினால் ஏன் நின்றார்கள் என்று புரியும் என்கிறாள் சஃப்ரின். நம்பர் காட்டாது. மாணவர் எண்ணைத் தொட்டால் கம்ப்யூட்டர் வழியே அழைப்பு போகும். நாளையிலிருந்து.

ஜூலை 1, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

மூன்று பேரிடம் பேசி முடித்திருந்தேன். நாலாவது எண்ணைத் தொட்டேன். காதில் ஹெட்செட். மணி அடிக்கிற சத்தத்தோடு அடுப்படியில் எப்சிபாவின் ஃபோனும் அடித்தது. அவள் வைத்திருக்கிற கீர்த்தனை மெட்டு. ஊரிலிருந்து அவள் அம்மா கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மிக்சி நின்றது. மணி அடுப்படியிலும் நின்றது, காதுக்குள்ளும் நின்றது.

"ஹலோ, ஆரு பேசுதது?"

இரண்டு இடத்திலும் அவள்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். "ஹலோ? ஆருன்னு கேக்கேன்லா?" பட்டனை அமுக்கிக் கட் பண்ணிவிட்டேன். மறுபடி மிக்சி ஓடியது.

அந்த எண்ணில் உள்ள பதில்களைத் திறந்தேன். முதலில் இருந்தது மாவு மிஷின்.

அவளா. எப்சியா. நான் இழுத்து இழுத்து வாசித்தது இவளையா. கதவு சாத்திக்கூட இல்லையே அன்றைக்கு.

அதற்குக் கீழே இன்னொன்று. 'இந்தப் படிப்பில் ஏன் சேர்ந்தீர்கள்?' என்ற கேள்விக்கு:

'பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணமாகிவிட்டது. படிக்க வேண்டும் என்று கணவரிடம் ஒருமுறை சொன்னேன், இப்ப எதுக்கு என்றார். அவருக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கிறேன். பாஸானால் சொல்லுவேன். பெயிலானால் அவர் சிரிப்பார்.'

கடைசியாக உள்ளே வந்தது ஜூன் 12. அதற்குப் பிறகு வரவில்லை.

நான் எப்போது 'இப்ப எதுக்கு' என்றேன்? ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஜூலை 2

பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. நான் கூப்பிட்டது தெரிந்திருக்காது.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலில் திருவிருந்து. மனதில் குற்றத்தோடு அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கூடாது என்பார்கள். எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். எப்சிபா முன்னால் போய் முழங்கால் போட்டாள். திரும்பி வந்து என்னைத் தாண்டி உட்கார்ந்தாள். முந்தானை என் கையில் பட்டது.

ஜூலை 10, வியாழன்

நான் எவ்வளவு பெரிய கோழை என்று இன்று தெரிந்தது.

காலையில் அவள் எண்ணுக்கு மட்டும் கடைசித் தேதியைத் தள்ளி வைத்தேன். பாடம் செய்தவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காதே என்று ஒரு கணக்கு.

மத்தியானம் மீட்டிங். புது வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முஃபீத், "இது நம்ம மாவு மிஷின் அக்காவுக்குப் புரியுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சத்தம் வராமல், பல் மட்டும் தெரிகிற மாதிரி. கேமராவில் என் முகத்தை நானே பார்த்தேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். இப்போது சாத்தி என்ன?

ஜூலை 18

தேதி தள்ளி வைத்தும் அவள் உள்ளே வரவில்லை. ஒரு நாளில் எத்தனை தரம் போய்ப் பார்க்கிறேன். அடுப்படியில் நிற்கிறவளிடம் கேட்பதை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் வேவு பார்க்கிறேன்.

ஜூலை 26, சனி

கோயம்புத்தூரிலிருந்து அக்காவும் பிள்ளைகளும் அருவி சீசனுக்கு வந்திருக்கிறார்கள். காலையில் ஐந்தருவி. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். அக்காவும் எப்சிபாவும் பெண்கள் பக்கம் போனார்கள். நான் மாற்றுத் துணிப் பையோடு ஓரமாக நின்றேன்.

எப்சிபா முதலில் வந்துவிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்னவோ சொன்னாள். அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்ன?"

கிட்டே வந்து சொன்னாள். "அன்னைக்கு எனக்கு ஃபோன் அடிச்சது நீங்கதான."

துணிப்பை கையை விட்டு நழுவியது. குனிந்து எடுத்தேன். நிமிர மனதில்லை.

"மீன்காரரு ஹாரன் தெருவுலயும் கேட்டுது, ஃபோனுக்குள்ளயும் கேட்டுது. எனக்கு அப்பமே தெரியும். இன்னைக்குச் சொல்லுவீக, நாளைக்குச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தேதிய மட்டும் தள்ளி வச்சிருக்கீக. மெசேஜ் வந்துது."

"எப்சி, அது நீன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"நான் இல்லன்னா வாசிச்சுச் சிரிக்கலாமா?"

பையின் வாயை இழுத்து இழுத்து மூடினேன்.

"அம்புட்டுப் பேரு சிரிச்சாக. அதுகூடப் போட்டும். என்னய மாதிரிப் பேசிக் காமிச்சீகளே. ரெண்டு தரம். நான் வெளக்குமாத்தோட வாசல்லதான் நின்னேன்." அவள் அழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பாடம் நீங்க செஞ்சதுன்னு அன்னைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் ஆரோ ஒரு நல்ல வாத்தியாருன்னு நெனச்சேன்."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். "தண்ணி என்னா போடு போடுது! ஏல ஜெபா, நீ குளிக்கலியா?"

"இல்லக்கா."

"அவுகளுக்குச் சளி, மைனி," என்றாள் எப்சிபா. என்னைக் காப்பாற்ற அவள்தான் வர வேண்டியிருந்தது, அங்கேயும்.

ஜூலை 28, திங்கள்

மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். சஃப்ரின் அந்தப் படத்தைத் திரையில் கொண்டுவந்தபோது, "ஒரு நிமிஷம்" என்றேன். "அந்தப் பதில எழுதுனது என் வொய்ஃப்."

முஃபீத்தின் கேமரா அணைந்தது. சஃப்ரின், "ஸாரி ஜெபசிங்... எங்களுக்குத் தெரியாது" என்றாள். நானும் இதையேதான் சொன்னேன் எப்சியிடம். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் தெரிகிறது அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று.

"நீங்க யாரும் ஸாரி சொல்ல வேண்டாம். வாசிச்சது நான். வேற யாரோட பொண்டாட்டியா இருந்தாலும் தப்புதான்." படத்தை எடுத்துவிட்டார்கள்.

மனம் கொஞ்சம் லேசானது போல இருந்தது. அதே சூட்டோடு அடுப்படிக்குப் போய் எப்சிபாவிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவுககிட்ட நாந்தான்னு சொல்லிட்டீகளா?"

"ஆமா."

"என்னயக் கேட்டீகளா?" கையிலிருந்த காயைத் தட்டில் வைத்தாள்.

"இதுவரைக்கும் அது ஆரோ ஒருத்தி. இப்ப அம்புட்டுப் பேருக்கும் அது நான். உங்களுக்கு மனசு ஆறணும்னு என் பேரச் சொல்லிட்டு வந்திருக்கீக."

நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். என்னத்தச் செஞ்சாலும் அதுக்குள்ள நாந்தான் இருக்கேன். மன்னிப்பு கேக்கதுலயும் நாந்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்கா ஊருக்குப் போனாள். தென்காசி ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து எப்சிபா கேட்டாள், "அடுத்த பேட்ச் எப்ப?"

"செப்டம்பர்."

"அதுல மொதல்ல இருந்து எழுதுதேன். நீங்க தள்ளி வச்ச தேதியில எழுத மாட்டேன்."

"சரி."

"நீங்க அதப் பாக்கக் கூடாது."

"சரி."

"சரி சரிங்காதீக. எப்படிப் பாக்காம இருப்பீக? அது ஒங்க வேல."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்போல் இருந்தது. "வேற பாடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கேன். அப்புறம் என் பாஸ்வேர்டு அதுல செல்லாது."

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சஃப்ரினிடம் கேட்டேன். காரணம் கேட்காமல் மாற்றிவிட்டாள். இனி ஆஸ்பத்திரி ஊழியர்கள் கை கழுவுவதற்கான பயிற்சி. பல்கலைக்கழகப் பாடம்கூட இல்லை. 'தகவல் தொடர்புத் திறன்' மாலையோடு என் திரையிலிருந்து காணாமல் போனது.

எப்சிபாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

செப்டம்பர் 21

மாடி அறையைப் பெருக்கி ஒரு மேஜை போட்டிருக்கிறாள். மத்தியானம் மேலே போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் கீழே சோப்பு, நுரை, இருபது விநாடி என்று படம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறாள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. இருக்கட்டும்.

அக்டோபர் 14

இன்று அவளாகவே கேட்டாள். "பதில் பெரிசா எழுதுனாத்தான் மார்க்கு போடுவாகளா?"

"இல்ல. கேட்டதுக்கு எழுதுனாப் போதும்."

"அப்ப சரி." மேலே போய்விட்டாள். பாடத்தைப் பற்றி என்னிடம் அவள் கேட்ட முதல் சந்தேகம். பெரிய விளக்கம் கொடுக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

டிசம்பர் 6, சனி

திருநெல்வேலியில் பரீட்சை. கொண்டுபோய் விடவா என்று கேட்டேன். "வேண்டாம். ரயில்ல போயிக்கிடுதேன்" என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் வரவா என்றேன். அதற்குச் சரி என்றாள்.

மத்தியானம் அக்கா ஃபோன் பண்ணினாள். "எங்கல எப்சி? அவ போன் ஆஃப்ல இருக்கு?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லத்தான் வாய் முதலில் போனது. பிறகு, அவளே ஸ்டேஷனில் சொன்னது ஞாபகம் வந்தது: 'மைனி கேட்டாச் சொல்லுங்க, ஒண்ணுமில்ல.'

"பரீட்ச எழுதப் போயிருக்காக்கா. டிகிரி படிக்கா."

"இந்த வயசுலயா? இப்ப எதுக்குல?"

"அவளுக்குப் படிக்கணும்."

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எப்சிபா வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. முகம் கழுவி, நான் போட்ட காப்பியைக் குடித்து, சீனி அதிகம் என்றாள். பிறகு,

"அடுத்த செமஸ்டர்ல புள்ளியியல் இருக்கு."

"நான் சொல்லித்..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"தென்காசியில ஒரு டீச்சர் வீட்டுல எடுக்காகளாம். சனிக்கெழம சாயங்காலம். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்ட நீங்க பாத்துக்கிடுவீகளா?"

"பாத்துக்கிடுதேன்."

"தோசைக்கு மாவு இருக்கும். வேற ஒண்ணும் தெரியாதுல்லா உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.