பிரான்ஸ்காரி எலோடி ராமசாமி

சுருளிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுறது. இங்கன நானும் அப்பாவும் சொகமா இருக்கோம், அந்தப் பிரான்சுக் குளிருல நீயும் ஒடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு சுருளி வேலப்பர வேண்டிக்கிறேன். மழ அதிகமாகி பன்னீர் திராச்ச கொஞ்சம் வெடிச்சிருச்சு, அப்பா தோட்டமே கதின்னு கெடக்காக. போன்ல கேட்டா நீ பேச்ச மாத்திருவ, அதான் எழுதி எலோடி கையிலயே குடுத்து விடுறேன்.

கூட வேல பாக்குற பிரான்ஸ்காரப் பொண்ணு வருது, வீட்டுல தங்கும்னு சொன்ன. நான் வெள்ளக்காரியாத்தான் இருக்கும்னு கொழம்புல காரத்தக் கொறச்சு வச்சிட்டு, ஒங்க சீனிச்சாமி மாமாவக் கூட்டிக்கிட்டு கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லாரும் எறங்கிட்டாக, வெள்ளக்காரியக் காணோம். நம்ம நெறத்துல, சுருட்ட முடி வச்ச ஒரு பொண்ணு மட்டும் பையோட நின்னுச்சு. அதுக்கிட்டயே போயி, ஆத்தா, ஒரு வெள்ளக்காரப் புள்ளயப் பாத்தியான்னு கேட்டேன். அது முழிச்சிட்டு, போன்ல ஓன் போட்டோவக் காட்டுது. எனக்கு வெக்கமாப் போச்சு.

பேரு எலோடி ராமசாமியாம். ராமசாமின்னா நம்மாளு, தமிழ் எப்படித் தெரியாமப் போகும், பிரான்ஸ்காரின்னு ஒங்க மகன் பொய் சொல்றான்னு மாமா ஒரே சத்தம். பெரியப்பா மக ஹேமாவதி லீவு போட்டு வந்து இங்கிலீசுல கேட்டுச் சொன்னா. ஆப்பிரிக்கா பக்கம் ரீயூனியன்னு ஒரு தீவாம், பிரான்சச் சேந்ததாம், கரும்புத் தோட்டத்துக்கு அந்தக் காலத்துல நம்ம பக்கத்து ஆளுகளக் கூட்டிட்டுப் போனாகளாம். சித்தி, எலோடிக்குத் தமிழ் இனம், ஆனா நாடு பிரான்சு, இனம் வேற நாடு வேறன்னு ஹேமா சொன்னா. சொல்றப்ப வெளங்குது, அடுப்படிக்குள்ள போனதும் கொழம்பிருது. கம்பத்துல பார்லர்ல வேல பாக்குற மணிப்பூர்ப் பொண்ணு இந்தியாதான், அவளப் போயி எந்த நாடுன்னு கேக்குறாக. நம்ம மூஞ்சியோட இருக்குற எலோடி இந்தியா இல்லைங்குறா. கொமுளி தாண்டுனா மலையாளத்தாளுக, அவுக வேற இனமா, அதுவும் எனக்குத் தெரியல.

ஒரு நா சாப்புடுறப்ப மாமா திரும்பவும், அது கெடக்கட்டும், நெசமா நீ எந்த ஊருன்னு கேட்டுட்டாக. ஹேமாவும் வெள்ளந்தியா அப்படியே இங்கிலீசுல கேட்டுட்டா. அந்தப் புள்ள தட்ட வச்சிட்டுப் பின்னாடி போயி அழுதுச்சு. பிரான்சுல தெனமும் இதே கேள்விதானாம், இங்கனயாச்சும் கேக்க மாட்டாகன்னு நெனச்சு வந்துச்சாம். நான் போயி பக்கத்துல ஒக்காந்திருந்தேன். மறுநா காலையில மாமா நல்ல திராச்சக் கொலையாப் பாத்துப் பறிச்சாந்து அது முன்னாடி வச்சிட்டுப் போயிட்டாக.

பேச்சுவாக்குல எலோடிதான் சொல்லிருச்சு, நீ பிரான்சுக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கியாமே. பாஸ்போர்ட்டு மாறிட்டா அவன் அன்னிய ஆளுன்னு மாமா சொல்றாக. நெசமாய்யா? இந்த வயித்துல பெறந்தவன் எப்படி அன்னிய ஆளாவான்? எத்தனையோ தலமொறையா அந்த நாட்டுக்காரியா இருக்குறவளையே கேக்குறாக, நீ காகிதத்த மாத்துனா மட்டும் ஒன்னையக் கேக்காம விட்டுருவாகளா? அப்புறம் நீ இங்கன வந்து நிக்குறப்ப இங்கனயும் கேட்டா எங்க போவ? வேணாம்னு நான் சொல்லல. எனக்குப் புரியல, பயமா இருக்கு, அம்புட்டுத்தான்.

அந்தப் புள்ளயக் கட்டிக்கப் போறியான்னும் நேராச் சொல்லிரு. நல்ல புள்ள. யாரு என்னன்னு சொந்தக்காரவுக கேட்டா, எங்க வீட்டுக்கு வந்த பொண்ணுன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருக்கேன். வேற எதச் சொன்னாலும் தப்பாப் போயிருமோன்னு இருக்கு.

நேரத்துக்குச் சாப்புடு. கொலசாமி ஒன்னையக் காப்பாத்தும், நல்லா இரு சாமி. குடியுரிமை சங்கதி அப்பாவுக்கு இன்னும் தெரியாது. மாமா வாயி வழியாப் போறதுக்கு முன்னாடி நீயே போன் போட்டுச் சொல்லிரு. அவுகளும் என்னையத்தான் வெளக்கம் கேப்பாக, எங்கிட்ட இல்ல.

இப்படிக்கு,
ஓன் அம்மா
நாகஜோதி