சோறு வருவதற்கு முன் போட்ட ஊசி

மச்சான்,

கம்பெனியை விட்டபின் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் பழுதுபார்க்கிறேன். நேற்று மதியம் அயனம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். சாப்பாட்டு மேசையில் பத்து வயதுப் பெண். இடுப்பில் சின்னப் பெட்டி, அதிலிருந்து வயிற்றுக்கு மெல்லிய குழாய். இன்சுலின் பம்ப். நாள் முழுக்க அதுவே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்துமாம். சாப்பாட்டுக்கு உரியதை மட்டும், எவ்வளவு சோறு என்று கணக்குப் பார்த்து, இவள் பொத்தானை அழுத்த வேண்டும். குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை.

"சாதம் வரட்டும்மா, அப்புறம் அழுத்துறேன்" என்றாள். அம்மா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

நாம் வேலை பார்த்த திருமழிசைக் கம்பெனியில் உனக்கு அந்த வசதி இல்லை. உன்னுடையது தர்மாஸ்பத்திரி ஊசி; போட்ட அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. பன்னிரண்டுக்கே கக்கூஸுக்குள் போய்க் குத்திக்கொண்டு வருவாய். தெரிந்தால் வேலை போய்விடும். லைனில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று அவசர லோடு. சாப்பாட்டு நேரத்திலும் பிரஸ் மெஷின் ஓட வேண்டும், ஒருத்தனை நிறுத்து என்று லைன் லீடரான என்னிடம் சொன்னார் இன்சார்ஜ். உன்னை நிறுத்தினேன். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், நீ வரமாட்டாய்.

"ஊசி போட்டுகினேன்டா மச்சான்" என்றாய் மெதுவாக.

"ஒரு மணி நேரம்தான. இன்னா, செத்தா பூடுவ?"

நீ சிரித்தாய். நான் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்க ஓர் ஆரஞ்சு மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தாய். சக்கரைக்காரன் இனிப்பு தின்னக் கூடாது என்பதைத் தவிர அந்த நோயைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது. பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "குட்றா, வோணும்" என்று குழறினாய். காலையிலேயே ஊத்திக்கினியா என்று கிண்டல் செய்தேன். அடுத்த நிமிடம் நீ சரிந்தாய். இரும்பு ரேக்கின் முனையில் தலை மோதியது.

மருந்து உள்ளே போய்ச் சோறு போகாததால் சர்க்கரை இறங்கிவிட்டது, அந்த நேரத்தில் மிட்டாய்தான் அவனுக்கு வைத்தியம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோது நீ உயிரோடு இல்லை.

நோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்தான் என்று கம்பெனி எழுதியது. சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார்களா? பன்னிரண்டரைக்கே நீ சாப்பிடப் போனதாக எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பம்ப் இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நேற்று ரயிலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெறும் சாக்கு. பம்ப் இல்லாமலே அந்த மிட்டாய் உன்னைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவள் அம்மா இருந்தாள். உன் பக்கத்தில் நான் இருந்தேன்.

அண்ணனூரில் இறங்கி உன் வீட்டுக்கு நடந்தேன், இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று. உன் அம்மா கதவைத் திறந்ததும் கேட்டார்: "வா நைனா, சாப்ட்டியா?"

ஆச்சும்மா என்றேன். சொல்ல வந்ததையும், காகிதத்தோடு ஒட்டிப்போன உன் மிட்டாயையும் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.