பாலிகைக் குடங்கள் உடைந்தது குறித்துக் குன்றவேலிக் கோமானுக்கு நெடுநீர் நாட்டார் விடுக்கும் ஓலை

நலம் பெருகுக. மலைமேல் மழையும், மழைக்கு நனையாத களஞ்சியமும், களஞ்சியத்திற்கு வற்றாத நெல்லும் குன்றவேலி நாட்டிற்கு என்றும் உளவாகுக. ஏழு கணவாய்களின் காவலரும், அருவிகளுக்கு உரியவரும், வேங்கைக் கொடியுடைய வேந்தருமாகிய வெற்பழகக் கோமான் திருமுன்னர், நெடுநீர் நாட்டு அரசி ஆம்பல்வேண்மாள் தேவியாரின் திருவாணைப்படி பேரமைச்சன் மருதங்கிழான் பணிந்து எழுதும் ஓலை. எங்கள் நாடும் அரசியாரும் நலம். அடியேன் மட்டும் சற்றுக் குழம்பியிருக்கிறேன். அதை மறைத்து எழுதும் திறமை இந்த வயதிற்குப் பின் வருவதாக இல்லை.

தாங்கள் விடுத்த ஓலையை அவையில் படித்தோம். தங்கள் திருமகனார் வேங்கைச்செல்வருக்கும் எங்கள் இளவரசி தாழைநங்கைக்கும் நிகழவிருந்த திருமணத்தை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மணமண்டபத்தில் அரசியார் செய்த செயல் சாபமா, போர் அழைப்பா, பித்தா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், அச்செயலுக்குக் காரணமாகச் சொல்லப்படும் விளையாட்டுப் பெட்டியைத் தங்கள் கோட்டை முற்றத்தில் ஊரறியத் தீயிட ஒப்படைத்தால் மட்டுமே திருமணம் நடக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் சினம் நியாயமானது. தங்கள் இடத்தில் அடியேன் இருந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுகிறேன். மணநாளுக்கு முந்திய நாள் அரசியார் தங்கள் மண்டபத்தினுள் எழுந்தருளினார். அங்கே நவதானியம் முளைத்த பாலிகைக் குடங்கள் பூச்சூடி வரிசையாக நின்றன. அரசியார் அவற்றை நோக்கி நடந்தார். கும்பிடப் போகிறார் என்றே எல்லோரும் எண்ணினோம். அவரோ கையிலிருந்த செங்கோலால் முதற்குடத்தை உடைத்து, குனிந்து உள்ளே பார்த்து, அடுத்த குடத்தையும் உடைத்துப் பார்த்து, இவ்வாறே வரிசை முடியும்வரை சென்றார். மங்கல மகளிர் அலறினர். நாதஸ்வரக்காரர் எதை வாசிப்பது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். கடைசிக் குடம் உடைந்த பின்னரே அரசியார் தம் கையையும் செங்கோலையும் பார்த்து, என்ன செய்தேன் என்று அடியேனைக் கேட்டார். அடியேன் அவர் கையிலிருந்து செங்கோலை மெல்ல வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அவையைக் கூட்டினேன். சேனாபதி, இது எதிரியின் உணவுக் கையிருப்பை அறியும் பழைய போர்முறை என்றார். அரண்மனை மருத்துவர் பித்தம் என்று கூறி, கேளாமலேயே கஷாயம் காய்ச்சத் தொடங்கினார். நிமித்திகர் கோள்களின்மேல் பழியைப் போட்டு நழுவினார். இம்மூன்றில் எதையாவது எழுதி அனுப்பினால் தாங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பது அடியேனுக்குத் தெரியும். ஆகையால் அந்தப் பெட்டியைப் பற்றியே தெரிந்துகொள்வது என்று துணிந்தேன்.

அரசியார் சிறுமியாக இருந்த காலத்தில் கடல்வணிகர் ஒருவர் அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். தம் மொழியில் அதை வீடியோ கேம் என்றார். அரண்மனை வாய்க்காலில் நீர்ச்சக்கரம் சுழன்றால் பெட்டி உயிர்பெறும். கண்ணாடித் திரையில் உருவங்கள் தோன்றும். பிடிக்கோல் எனப்படும் சிறு கருவியை அசைத்தால் அவ்வுருவங்கள் அசையும். அன்று அதன்முன் அமர்ந்த சிறுமி, முடிசூடியும், மணமுடித்தும், கணவரை இழந்தும், வெள்ளத்தையும் பஞ்சத்தையும் கண்டும், இன்றுவரை அதன்முன் அமர்கிறார். கோடையில் வாய்க்கால் நீரை வயலுக்குத் திருப்பிவிட்டு, ஆடாமல் காத்திருப்பார். மழை பெய்தால் உழவரைவிட அரசியாரே அதிகம் மகிழ்வார் என்று ஊரில் கேலி உண்டு. இதையெல்லாம் அடியேன் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன் என்பதைத் தவிர, புரிந்துகொண்டேன் என்று சொல்ல இயலாது.

அரசியார் தமக்குப் பிடித்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றில் வானிலிருந்து செங்கற்கள் விழுகின்றன. அவற்றை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்த வரிசை மறைந்துவிடுகிறது. தவறாக அடுக்கியது மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. இப்படிச் சுவர் எழுப்பும் கொத்தனாரை எங்கள் நாட்டில் வேலைக்கு வைக்கமாட்டோம் என்றேன். வழக்குகள் சிக்கலாகும் நாட்களில் இதை ஆடினால்தான் தமக்கு மனம் தெளிகிறது என்று அரசியார் மறுமொழி அருளினார். மற்றொன்றில் குதிரையில்லாத தேர்கள் ஓடுகின்றன. வளைவு வரும்போது அரசியார் உடம்பையும் சேர்த்துச் சாய்க்கிறார். அருகில் நின்ற அடியேனும் சாய்ந்து தூணில் இடித்துக்கொண்டேன். இன்னொன்றில் முள்ளங்கி பயிரிட வேண்டும். மெய்யான முள்ளங்கி விளையும் ஊர்கள் எத்தனையோ தம் ஆட்சியில் இருக்க, இல்லாத முள்ளங்கிக்கு நீர் பாய்ச்சுவானேன் என்று கேட்டேன். மெய்யான ஊர்களில் தம்மை யாரும் மண்வெட்டி தொட விடுவதில்லை என்றார்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரான ஆட்டம் ஒன்று உண்டு. அதில் கையில் விளக்கேந்திய சிறுபெண் ஒருத்தி குகை குகையாக நடக்கிறாள். வழியெங்கும் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை உடைத்தால் சிலவற்றில் காசும், சிலவற்றில் இழந்த உயிரை மீட்கும் சிவப்பு மருந்தும் கிடைக்கின்றன. அடியேனையும் ஆடச் சொன்னார். முதற்குகையிலேயே பள்ளத்தில் விழுந்தேன்; மறுபடி எழுந்தேன்; அதே பள்ளத்தில் விழுந்தேன். ஆயினும் குடம் கண்டால் உடைக்கும் வழக்கம் மட்டும் அடியேனுக்கும் சட்டென்று வந்துவிட்டது. அன்று மாலை வீட்டில் தண்ணீர்ப்பானைகள் அடுக்கியிருந்த மூலையைக் கடக்கும்போது கை துறுதுறுத்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அப்படியானால் இத்தனை மண்டபங்களில் எத்தனையோ குடங்களைக் கண்ட அரசியார், அன்று மட்டும் ஏன் உடைத்தார் என்று தாங்கள் கேட்பீர்கள். அடியேனும் கேட்டேன். அவர் சொன்னார்: அந்த ஆட்டத்தில் பெரும்போர் நிகழும் அறைக்கு முன்னால்தான் குடங்கள் நிறைய நிற்கும், அவற்றை உடைத்து, கிடைக்கும் மருந்தையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், மகளை நாளை இன்னொரு வீட்டிற்குக் கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்போடு மண்டபத்தில் நுழைந்தபோது தமக்கு அச்சம் தாங்க முடியவில்லை, எதிரே குடங்கள் நின்றன, கை தானாகப் போய்விட்டது. இவ்வளவும் சொல்லி அரசியார் அழுதார். எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்தபோதும் அழாதவர் அவர். அடியேனுக்கு அந்த ஆட்டம் இன்னும் விளங்கவில்லை, அழுகை விளங்கியது. ஆகவே தங்கள் கேள்விக்கு விடை: சாபம் அன்று, போர் அழைப்பும் அன்று, பித்தும் அன்று. ஒரு தாய்க்கு ஏற்பட்ட அச்சம். மங்கலக் குடங்கள் உடைந்ததற்கு நெடுநீர் நாடு தலை வணங்கி வருந்துகிறது.

இனிப் பெட்டியைத் தீயிடுவது பற்றி. தங்கள் நிபந்தனையைப் படித்துக் காட்டியவுடன் அரசியார், சம்மதம் என்று எழுதுக என்றார். சற்றும் யோசிக்கவில்லை. ஒன்றை மட்டும் வேண்டினார். விளக்கேந்திய பெண்ணின் கதையில் கடைசிக் கதவை அவர் வாழ்நாள் முழுதும் திறக்காமலேயே வைத்திருந்தாராம்; திறந்தால் ஆட்டம் முடிந்துவிடும், பிறகு அந்தப் பெண்ணோடு தமக்கு ஒன்றும் இருக்காது என்பது காரணமாம். எரியப்போவது அரைகுறையாக எரியக்கூடாது என்று கூறி, பெட்டியின் முன் அமர்ந்து, அந்தக் கதவைத் திறந்தார்.

உள்ளே பெரிய நாகம் இருந்தது. அரசியார் தோற்றார். மறுபடி ஆடித் தோற்றார். அப்போது இளவரசியார் உள்ளே வந்தார். தாங்கள் திருமணத்தை நிறுத்திய நாளிலிருந்து தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசியிருக்கவில்லை; இளவரசியார் தங்கள் திருமகனார்மேல் வைத்த அன்பு சிறிதன்று, அதனால் தாயின்மேல் சினமும் சிறிதன்று. அவர் மற்றொரு பிடிக்கோலை எடுத்துத் தாயின் அருகில் அமர்ந்தார். இருவருமாக அந்த நாகத்தை வீழ்த்தினர். திரை இருண்டு, வெள்ளெழுத்தில் பெயர்கள் மேல்நோக்கி நகர்ந்தன. ஆட்டத்தைப் படைத்தவர்களின் பெயர்களாம். எங்களுள் எவராலும் படிக்க இயலாத எழுத்து. ஆயினும் கடைசிப் பெயர் மறையும்வரை இருவரும் எழவில்லை. அடியேனும் நின்றுகொண்டே இருந்தேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

அதன்பின் அரசியார் பெட்டியைத் தம் கையாலேயே பட்டில் சுற்றினார். ஓலையை முடிக்க எழுத்தாணியை எடுத்தேன். அப்போது இளவரசியார் ஆணையிட்டார்: பெட்டி குன்றவேலிக்குப் போகட்டும், அது அரசியாரின் வாக்கு, ஆனால் அது எரிந்தால், தம் தாயின் வாழ்நாளை எரித்த தீயைச் சுற்றி வந்து தாம் மாலை சூடமாட்டார் என்றும், இதையும் அதே ஓலையில் எழுத வேண்டும் என்றும் கூறினார். அரசியார் கூடாது என்றார். இளவரசியார் எழுதுக என்றார். நாட்டின் வாக்கைக் கொடுக்க அரசியாருக்கே உரிமை; மணப்பெண்ணின் சம்மதத்தைப் பெண்ணைத் தவிர வேறெவரும் எழுதித் தரக்கூடாது என்பது எங்கள் முன்னோர் வகுத்த முறை. இரண்டு ஆணையும் செல்லும். ஒன்று மற்றொன்றை வெட்டுகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன். இவற்றை எவ்வாறு ஒன்றாகப் படிப்பது என்று அடியேனைக் கேட்க வேண்டா.

ஆதலால் இந்த ஓலையோடு பெட்டி வருகிறது. அதை எரிக்கவும் வைத்துக்கொள்ளவும் தங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓலை சேர்ந்த மறுநாள் விடியலில் இளவரசியாரின் பல்லக்கு எல்லை ஆற்றின் இக்கரையில் நிற்கும். தங்கள் கோட்டையிலிருந்து புகை எழுந்தால் பல்லக்கு திரும்பிவிடும். புகை எழாவிட்டால் ஆற்றைக் கடந்து வரும்.

மேற்கண்டதை எழுதி முடித்த பின்னரே ஓர் ஐயம் உதித்தது. எரிப்பதில்லை என்று தாங்கள் திருவுளம் கொண்டால் திருமணம் நடக்கும். திருமணம் நடந்தால் விருந்துக்கு அடுப்பு மூட்டுவார்கள். அடுப்பு மூட்டினால் புகை எழும். எரித்தாலும் புகை, எரிக்காவிட்டாலும் புகை. சோற்றுப் புகையையும் பெட்டிப் புகையையும் ஆற்றுக்கு இப்பால் நின்று பிரித்தறியும் கண் எங்களுள் எவருக்கும் இல்லை. ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க வழியில்லை. அடித்துத் திருத்திய அரச ஓலை செல்லாது என்பதும் தாங்கள் அறிந்ததே. வேறு ஓலை எழுதவும் நேரமில்லை; பல்லக்கு புறப்பட்டுவிட்டது. உடன் செல்லும் அரசியாரோ எதிர்க்கரையில் எந்தப் புகையைக் கண்டாலும் பல்லக்கைத் தாமே திருப்பிவிடக்கூடிய மனநிலையில் இருக்கிறார்.

எனவே அடியேன் என் பொறுப்பில், இரு ஆணைகளுக்கும் புறம்பாக, ஒன்று வேண்டுகிறேன். புகையை அடையாளமாகக் கொள்ள வேண்டா; விடியல் கழியும்வரை பல்லக்கைத் திரும்பவிடாமல் அடியேன் நிறுத்திவைக்கிறேன். எரிக்கவில்லையென்றால், விடியலில் இளவரசர் வேங்கைச்செல்வரே பெட்டியைச் சுமந்து ஆற்றங்கரைக்கு வரட்டும். வேறெவர் கையில் கண்டாலும் எங்கள் பக்கத்தார் நம்பமாட்டார்கள். பெட்டி மிகக் கனமானது. இளைஞரே ஆயினும் தனியாளால் மலைப்பாதையில் இறக்க முடியாது. கோமான் அவர்களும் மறுபக்கத்தில் ஒரு கை பிடித்து வந்தால் நலம்.

இது தேவியாரின் சொல்லும், இளவரசியாரின் சொல்லும், அமைச்சன் மருதங்கிழானின் விண்ணப்பமும் சேர்ந்த ஓலை. அலைமேல் ஆம்பல் பொறித்த அரச இலச்சினை இட்டோம். இதைக் கொண்டுவரும் தூதருக்கு உணவும் குதிரைக்குப் புல்லும் தருக. பெட்டி நனையாமல் காக்க. எதிர்க்கரையில் அரசியார் வெறுங்கையோடு நிற்பார். அவர் எதையும் உடைக்கமாட்டார், தாங்களும் உடைக்காதிருக்க.